காறை எலும்பில் சீழ்: மருந்துக்கு முன் மாதிரி

மார்பெலும்பிலிருந்து தோள்முனை வரை குறுக்காகக் கிடப்பது காறை எலும்பு. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அதில் வீக்கம் வந்தால் கைக்கு உடனே தட்டுப்படும். அதன் பின்னால் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும் நுரையீரலின் உச்சியும் நெருங்கி இருக்கின்றன. எலும்பில் ஏற்படும் கிருமித் தொற்றுகளில் காறை எலும்பின் பங்கு 3 சதவீதத்துக்கும் குறைவு என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இப்படி அரிதாக வருவதாலேயே இதைப் பலர் முதலில் சந்தேகிப்பதில்லை.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகவே தொற்று வந்து சேர்கிறது. தோல் கொப்புளங்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான் வழக்கமான கிருமி. பெரியவர்களுக்கு எலும்பு முறிந்து பிளேட் பொருத்திய இடம், டயாலிசிஸுக்காகக் கழுத்தடிச் சிரையில் போட்ட குழாய், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த பகுதி ஆகியவை வாசலாகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து கூடுகிறது.

நம் நாட்டில் இன்னும் இரண்டு நோய்களை மறக்கக் கூடாது. ஒன்று காசநோய். மெதுவாக வளரும் வீக்கம், அதிக வலியோ சூடோ இல்லாத சீழ்க்கட்டி, ஆறாமல் கசியும் புண் என்று அது வெளிப்படும். மற்றொன்று மெலியாய்டோசிஸ். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது; மழைக்காலத்தில் வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்குகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இதை நினைவில் வைத்திருப்பது அவசியம். ஆய்வகத்தில் இந்தக் கிருமியைச் சூடோமோனாஸ் என்று தவறாகக் கணித்துவிட வாய்ப்புண்டு. வழக்கமாகக் கொடுக்கும் ஜென்டாமைசின் இதற்கு வேலை செய்யாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோளில் வலி என்றால் வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுவது நெடுநாள் வழக்கம். சுளுக்குக்கும் அடிபட்டதற்கும் வர்ம வைத்தியத்தை நம்பிப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் சீழ் வைத்த எலும்பைத் தடவுவதால் நாள்தான் வீணாகும். சிதறாலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவருக்கு, அடிபட்ட நினைவே இல்லாமல் காறை எலும்பு வீங்கினாலோ, இரவில் வலி கூடினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, மூன்று வாரமாகியும் வீக்கம் வற்றாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போவதே சரி. மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்து மருத்துவமனைகளில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தொடங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தொடக்கத்தில் 10 முதல் 14 நாட்கள் வரை எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். படம் சுத்தமாக வந்தது என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. சில நாட்களிலேயே மாற்றத்தைக் காட்டும். செத்துப் பிரிந்த எலும்புத் துண்டைப் பார்க்க சி.டி. ஏற்றது. ரத்தத்தில் பார்க்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் உடலில் அழற்சி இருப்பதைச் சொல்லுமே தவிர, அதன் காரணத்தைச் சொல்லாது.

காரணத்தை உறுதிசெய்ய எலும்பிலிருந்து எடுத்த மாதிரி வேண்டும். யூயிங் சார்கோமா என்னும் புற்றுநோயும் படத்தில் இந்தத் தொற்றைப் போலவே தோன்றக்கூடும். சிறுவர் சிறுமியருக்குக் கிருமியே இல்லாமல் எலும்பு அழன்று வீங்கும் ஒரு நோய் உண்டு. அது விரும்பித் தாக்கும் இடங்களில் ஒன்று காறை எலும்பு. ஆன்டிபயாடிக் எத்தனை மாதம் கொடுத்தாலும் அது அடங்காது, அழற்சியைத் தணிக்கும் மருந்துக்கே அடங்கும். எடுத்த மாதிரியைப் பிரித்து அனுப்ப வேண்டும் என்பது முக்கியம். ஒரு பங்கு ஃபார்மலினில் நோய்க்குறியியல் துறைக்கும், மற்றொரு பங்கு ஃபார்மலின் படாமல் கிருமி வளர்ப்புக்கும் காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் போக வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியே இல்லாமல் போகும்.

நோயாளி நிலையாக இருந்தால் மாதிரி எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்குவது நல்லது. முன்கூட்டியே விழுங்கிய மாத்திரை கிருமியை முழுதாக அழிக்காமல் அதன் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடுகிறது. ரத்தத்தில் தொற்று பரவி ஆள் தளர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது; ரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுத்த கையோடு மருந்தைத் தொடங்க வேண்டும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் செஃபசோலின் போன்ற மருந்து. அதற்குக் கட்டுப்படாத வகை என்றால் வான்கோமைசின். குழந்தைகளுக்குச் சில நாள் ஊசி, பிறகு மாத்திரை என்று மொத்தம் 3 முதல் 4 வாரம் பெரும்பாலும் போதும். பெரியவர்களுக்குச் சுமார் 6 வாரம். அத்தனை நாளும் ஊசிதான் போட வேண்டும் என்ற பழைய நம்பிக்கையை, பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஓவிவா ஆய்வு மாற்றியது. சரியாகத் தேர்ந்த மாத்திரையும் ஊசிக்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. ஆசாரிப்பள்ளத்தில் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கக் கூலி வேலைக்காரருக்கு இயலாது என்பதால் இந்த முடிவின் பயன் பெரிது. மெலியாய்டோசிஸ் எலும்பைப் பிடித்திருந்தால் 6 வார ஊசியும் அதன்பின் 6 மாத மாத்திரையும் தேவைப்படுகின்றன. எலும்புக் காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று மருந்துகள், ஆக 12 மாதம் முதல் 18 மாதம் வரை. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது.

சீழ் தேங்கியிருந்தாலோ எலும்புத் துண்டு செத்திருந்தாலோ மருந்தால் மட்டும் முடியாது. திறந்து சுத்தம் செய்ய வேண்டும். பிளேட் இருக்கும் இடத்தில் தொற்று என்றால், முறிவு கூடும் வரை மருந்தால் கட்டுப்படுத்திவிட்டுப் பிறகு பிளேட்டைக் கழற்றுவது ஒரு வழி. மிக மோசமான நிலையில் காறை எலும்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நீக்குகிறார்கள். அப்படி நீக்கிய பின்னும் பலரால் கையை நன்றாகவே தூக்க முடிகிறது; கனத்த சுமை தூக்கும்போதுதான் குறை தெரியும். மருந்து முடிந்த பிறகும் ஓராண்டாவது மறுபரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனெனில் எலும்புத் தொற்று மாதக்கணக்கில் அடங்கியிருந்து மீண்டும் தலைதூக்கும்.