உங்கள் கார் ரேடியோவுக்குப் பாதிக் காதுதான்! தெரியுமா?

ஜப்பானிலிருந்து நேரே இறங்கிய கார். உள்ளே ஒரு கீறல் இல்லை. ஆசையோடு ரேடியோவைப் போடுகிறீர்கள். உஸ்ஸ்ஸ்! சூரியன் எஃப்.எம். வரவில்லை, சக்தி எஃப்.எம். வரவில்லை. ரேடியோ பழுதா? இல்லவே இல்லை! அந்தச் செட்டுக்கு 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே கேட்காது!

ஏன் தெரியுமா? ஜப்பானின் பழைய எஃப்.எம். எல்லை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் இலங்கையினுடையது 87.5 முதல் 108 வரை. இரண்டும் ஒத்துப்போகும் இடம் வெறும் 2.5 மெகாஹெர்ட்ஸ்! நம் சூரியனும் சக்தியும் 100ஐத் தாண்டித்தான் குடியிருக்கின்றன!

சரி, 90க்கு மேலே ஜப்பானில் என்ன இருந்தது? டிவி! 90 முதல் 108 வரை டிவி அலைவரிசைகள் 1, 2, 3! 2011இல் நாட்டின் பெரும்பகுதியில் பழைய முறை டிவி ஒளிபரப்பை நிறுத்தினார்கள். காலியான இடத்தில், 2014 டிசம்பர் முதல் ரேடியோ 95 வரை ஏறியது. புதிய ஜப்பான் செட்டாக இருந்தாலும் சூரியனுக்கு இன்னும் எட்டு மெகாஹெர்ட்ஸ் பாக்கி!

இதற்கு கராஜ்காரர் வைத்திருக்கும் மருந்து, தீப்பெட்டி அளவில் ஒரு கொன்வேட்டர். அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே அதை மாட்டுவார். அது அலைவரிசையை அப்படியே கீழே இறக்கிவிடும். 16 மெகாஹெர்ட்ஸ் இறக்கினால் 104இல் வரும் பாட்டு, செட்டில் 88 என்று காட்டும்! திரை சொல்வது ஒன்று, பாடுவது வேறொன்று! அதிலும் ஒரு சிக்கல். ஜப்பான் செட்டின் அகலம் 14 மெகாஹெர்ட்ஸ், நம் எல்லையின் அகலம் 20.5. ஒரே இறக்கத்தில் எல்லா நிலையமும் அடங்கவே அடங்காது! கூடவே கொஞ்சம் இரைச்சலும் இலவசம்!

பெட்டரி கழற்றினால் செட் பூட்டிக்கொள்ளும், தெரியுமா? சில டொயோட்டா ஜப்பான் செட்களில் பெட்டரியை ஒரு தடவை கழற்றி மாட்டினால் போதும், வரைபட எஸ்.டி. கார்டைக் கேட்டு அடம்பிடிக்கும். அதுவும் ஜப்பான் மொழியில்! கார்டு தொலைந்திருந்தால் திறக்கச் சங்கேத எண் வேண்டும். பாட்டுக் கேட்க ஜப்பானின் சாலை வரைபடம் எதற்கு என்று கேட்காதீர்கள், யாரிடமும் பதில் இல்லை!

இன்னும் ஒன்று! நாம் "கம்பனி செட்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது தொழிற்சாலையில் பூட்டியதாகவே இல்லாமல் இருக்கலாம்! ஜப்பானில் பல கார்கள் செட் இல்லாமல், மூடி போட்ட ஓட்டையோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும். வாங்குபவர் கடையில் தெரிவு செய்த செட்டை முகவர் பூட்டிக் கொடுப்பார். சில அடிப்படை ரகங்களில் முன் கதவுகளில் இரண்டே இரண்டு ஸ்பீக்கர்!

இப்போது கண்டிக்கு அருகே உள்ள ஹந்தானை மலைக்கு வாருங்கள்! ஏழு சிகரம், உயரம் ஏறத்தாழ 3,800 அடி, உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள். கோபுரம் பக்கத்திலேயே இருக்கிறதே, ரேடியோ கணீரென்று கேட்க வேண்டாமா? அதுதான் இல்லை! எஃப்.எம். அலைக்கு மலையைச் சுற்றி வளையத் தெரியாது. தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவில் பாட்டு, அடுத்த வளைவில் இரைச்சல்!

100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எவ்வளவு தெரியுமா? 3 மீற்றர்! நேரே வரும் அலையும் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் மோதினால், ஒன்றரை மீற்றருக்கு ஒரு முறை ஒலி விழுந்து எழும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் ஒரு வினாடிக்கு ஏழு தடவை! அந்த "படபட" சத்தம் செட்டின் குற்றமே இல்லை! இன்னொரு கூத்து, ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் எட்டினால் எஃப்.எம். இரண்டையும் கலக்காது. பலமானது மெலிந்ததை விழுங்கிவிடும். வளைவு திரும்பியதும் பாட்டு பாதியில் மாறி வேறு யாரோ செய்தி வாசிப்பது இதனால்தான்! கோபுரத்தின் காலடியிலோ நேர்மாறு. அலை அளவுக்கு மீறிப் பாய்வதால் மலிவான செட்கள் திணறி, நிலையம் இல்லாத எண்ணிலும் பாட்டுப் போடும்!

புது அன்ட்ரொய்ட் செட் போட்டதும் ரேடியோ முன்னைவிட மோசமாகிவிட்டதா? ஒரு மெல்லிய வயரைத் தேடுங்கள், பெரும்பாலும் நீல நிறம்! பல ஜப்பான் கார்களில் அன்டெனா பின்கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும். அதற்கு ஒரு குட்டி பூஸ்டர், அதற்கு 12 வோல்ட் மின்சாரம். பழைய செட் அதைத் தானாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதுச் செட்டில் அந்த வயரைச் சேர்க்க மறந்தால், பல்லாயிரம் ரூபா செட்டும் ஊமை!

இனி வருவதுதான் உச்சம்! பெட்டியில் "50 வாட் × 4" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, உண்மையில் எவ்வளவு தெரியுமா? கணக்குப் போடுவோம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். தெளிவான ஒலிக்கு இழப்பே இல்லாமல் கிடைக்கக்கூடியது 26 வாட்! நடைமுறையில் 20ஐ ஒட்டித்தான் நிற்கும். அப்படியானால் அந்த 50? செட்டைக் கதறவிட்டு, ஒலியலை தலையும் வாலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும்போது வரும் எண் அது! 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்துப் பாருங்கள், 52 வரும்! கேட்க முடியாத இரைச்சலின் அளவை விளம்பரமாக்கிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

அதைவிட ஆச்சரியம், கம்பனி செட்டுக்கும் அதே பெட்டரிதான்! தனி அம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புதுச் செட்டுக்கும் பழையதற்கும் பலத்தில் பெரிய வித்தியாசமே இல்லை! வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா? ஆகாது! 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்!

வித்தியாசம் எங்கேதான் ஒளிந்திருக்கிறது? கதவில்! கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. உட்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், தகட்டில் எத்தனை ஓட்டை! ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியை ஓட்டை வழியே வரும் பின்பக்க ஒலி அழித்துவிடும். முதலில் மறைவது மிருதங்கத்தின் இடது பக்கம்! ஓட்டையை அடைத்து, தகட்டில் அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டினால், அதே பழைய ஸ்பீக்கர் புது ஸ்பீக்கர்போலப் பேசும்!

தொழிற்சாலை ஒலியும் லேசுப்பட்டதல்ல! ஒரு காருக்கென்றே அளந்து செய்த ஒலி அமைப்பு 1983 மாடல் கெடிலக் செவில் காரில் வந்தது. செய்தவர் போஸ் நிறுவனத்தின் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராளியின் மகன்! அப்படி அளந்து செய்த காரில் சில ஸ்பீக்கர்கள் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு. சாதாரண 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் செலவு கூடும், ஒலி குறையும்!

2011இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரில் எஞ்சின் உறுமலே ஸ்பீக்கர் வழியாக வந்தது, நம்புவீர்களா? ஜெனரல் மோட்டர்ஸின் பல கார்களில் இருக்கைப்பட்டி எச்சரிக்கை மணியும் செட் வழியாகத்தான்! செட்டைக் கழற்றினால் மணியும் போச்சு!

உண்மையில், ஆரம்ப நாள் கார் ரேடியோ வெளியில் வாங்கிப் பூட்டும் சாமான்தான், தெரியுமா? 1930இல் மோட்டரோலா செட்டின் விலை 110 முதல் 130 டொலர்! ஃபோர்ட் மொடல் ஏ காரே ஐந்நூறு சொச்சம் டொலருக்குக் கிடைத்த காலம்! 1932இல் ஜெர்மனியின் புளௌபுங்ட் செட்டோ 15 கிலோ எடை! இருந்தாலும் அதை ஸ்டியரிங் அருகிலிருந்தே இயக்கலாம்! 1956இல் கிறைஸ்லர் காருக்குள் இசைத்தட்டுச் சுழற்றியையே வைத்தது. ஹந்தானைப் பாதையில் அந்த ஊசி எத்தனை வினாடி தாங்கியிருக்கும்!

காதுக்கும் ஓர் எல்லை உண்டு! 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபலில்? வெறும் 15 நிமிடம்! மூடிய கண்ணாடிக்குள் சப்வூஃபர் அதிர, நண்பர்களோடு ஹந்தானையிலிருந்து பேராதனை போய்ச் சேர்வதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும்!

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய டொயோட்டா விட்ஸையும் சுசுகி வேகன் ஆரையும் அன்ட்ரொய்ட் திரையால் அலங்கரித்தவர்கள் ஏராளம்! தமிழ் வானொலிதான் உயிர் என்றால் செட்டை மாற்றத்தான் வேண்டும், கொன்வேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நல்ல ஒலிதான் வேண்டும் என்றால் முதல் செலவு கதவுக்கு, அடுத்தது முன் ஸ்பீக்கருக்கு, பிறகு சிறிய அம்ப்ளிஃபயருக்கு, திரைக்குக் கடைசி. கராஜில் காசை எண்ணும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தெளிவான ஒலிக்குத் தொடர்ந்து கிடைக்கும் வாட் எவ்வளவு? அன்டெனா பூஸ்டர் வயரைச் சேர்த்தாயிற்றா?