விசுவாசம் இழந்தவர் ஆலயம் திரும்பலாமா?

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் இறைநம்பிக்கையை இழந்து, பணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் ஆலயத்துக்குப் போகலாமா எனத் தயங்கி நிற்கும் சிலரை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். இத்தயக்கத்தை ஆன்மிகச் சிக்கலாக மட்டுமே பார்ப்பது வழக்கம். கல்லூரியில் பொருளியல் கற்பித்தே காலம் கழித்த எனக்கு, இதில் வேறு கேள்விகளும் எழுகின்றன. திரும்புகிறவர் எதைப் பெறுகிறார்? அதற்கான விலை என்ன? அந்த விலை யார் தலையில் விழுகிறது?

1975-இல் கோரி அசி, ரொனால்ட் எரன்பர்க் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள், ஒரு குடும்பம் தன் நேரத்தை வேலைக்கும் ஆலயத்துக்கும் எவ்வாறு பங்கிடுகிறது என்பதை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மறுமைப் பலனுக்காக இம்மையில் செய்யும் முதலீடே வழிபாட்டு நேரம் என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. முதுமையில் ஆலய வருகை கூடும் என்பது அதிலிருந்து பிறக்கும் கணிப்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மறுமைக் கணக்கே இல்லாத ஒருவனை ஆலயமணி ஏன் இழுக்கிறது என்பதற்கு இக்கோட்பாட்டில் விடையில்லை. பாஸ்கலின் புகழ்பெற்ற பந்தயமும் இதே வகைக் கணக்குதான். நம்ப இயலாதவன் நம்புகிறவனைப்போல் நடக்கட்டும், நம்பிக்கை பின்னால் வரும் என்றார் அவர். வரலாம். அதை எதிர்பார்த்துப் போய் உட்காருவது எனக்கு ஒப்பவில்லை.

நான் விலகியது எவர்மீதும் கொண்ட கோபத்தால் அன்று. முனைவர் பட்ட ஆய்வுக்காக, வறுமையும் பஞ்சங்களும் குறித்து அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட நூலைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டதாக அவர் மதிப்பிடுகிறார். பஞ்சமே இல்லாத 1941-ஐவிட அவ்வாண்டில் உணவு அளிப்பு 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்பதையும் காட்டுகிறார். உணவு இருந்தது, நிலமற்ற கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் அதைப் பெறும் வழி இல்லை. அதன்பின் அன்றாட உணவுக்காக வேண்டும் ஜெபம் என் வாயில் வரவில்லை. துன்பமும் கடவுளும் பற்றிய பழைய வாதம்தான் இது. இறையியலாளர்கள் தரும் விடைகளைப் படித்திருக்கிறேன். அன்றும் அவை எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை. திரும்புவதைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பிறகு எது இழுக்கிறது? ஆடம் ஸ்மித்தின் 1776-ஆம் ஆண்டு நூலில், ஐந்தாம் பகுதியில் ஒரு குறிப்பு வருகிறது. நிலையான வருவாய் உறுதி செய்யப்பட்ட குருமார் சோம்பிவிடுவர் என்று அங்கே அவர் வாதிடுவதைப் பலரும் அறிவர். இக்குறிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிராமத்தில் இருக்கும்வரை ஓர் எளிய மனிதனின் நடத்தையை ஊர் கவனிக்கிறது. பெருநகரத்துக்கு வந்ததும் அவன் யார் கண்ணிலும் படாமல் போகிறான். ஒரு சிறு சமயக் குழுவில் சேரும்போதுதான் மீண்டும் கவனிக்கப்படுகிறான் என்கிறார் ஸ்மித். பணி ஓய்வும் அத்தகைய ஒரு பெருநகரம்தான். ஒரு வாரம் நான் வெளியே வராவிட்டால் அதைக் கவனிக்கப் பால்காரரைத் தவிர எவருமில்லை என்பது மனைவி இறந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அவர் இறுதிவரை சபையின் உறுப்பினர். நோயுற்றுக் கிடந்த ஏழு மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு பல நாள் எரியவில்லை. ஒருநாளும் நாங்கள் பட்டினி கிடந்ததில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறைவைத்துத் தூக்குச்சட்டியோடு வந்தனர். வீட்டுக்காரர் ஆலயத்துக்கு வருவதில்லையே என்று எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

லாரன்ஸ் அயனக்கோன் 1992-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பெயர் தருகிறது. சபை என்பது குழுமப் பண்டம். அதில் ஒருவர் பெறும் பயன், அவருடைய பங்களிப்பைப் பொறுத்தது மட்டுமன்று; உடனிருப்போரின் பங்களிப்பையும் பொறுத்தது. நூறு பேர் உரக்கப் பாடும் கீர்த்தனையில் பாடாதவனும் மகிழ்கிறான். அப்படிப் பாடாதவர்கள் பெருகினால் பாட்டே நின்றுவிடும். கண்டிப்பான சமயக் குழுக்கள் உடையிலும் உணவிலும் கடுமையான விதிகளை வைப்பது, உழைக்காமல் பயன்பெற வருவோரை வடிகட்டத்தான் என்பது அவருடைய வாதம்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க அமெரிக்கச் சான்று தேவையில்லை. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கே பழையது. ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்கள் ஏலத்துக்கு வரும். ஒரு கட்டு முருங்கைக்காய் கடைவிலையைப்போல் பல மடங்குக்குப் போவதையும், ஏலம் எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதையும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தேவை, அளிப்பு வளைகோடுகளால் அந்த விலையை விளக்க முடியாது. ஏனெனில் அது முருங்கைக்காயின் விலையன்று. அசனப் பண்டிகைக்கு முதல்நாள் இரவே காய்கறி நறுக்கத் தொடங்கி, விடிவதற்குள் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். பிற சமயத்தாரும் வந்து உண்பர். பந்தியில் எவரிடமும் விசுவாசத்தைக் கேட்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம்பிக்கையின்றித் திரும்புகிறவர் உழைக்காமல் உண்பவர் ஆகிவிட மாட்டார். சங்கச் சந்தா கட்டி, பாடி, அண்டா கழுவுகிறவரின் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பது குழுமக் கணக்கில் வராது. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் புத்தாடையோடு வந்து முன்வரிசையில் அமரும் விசுவாசியைப் பற்றித்தான் அயனக்கோன் கவலைப்பட வேண்டும்.

ஆனால் திரும்புகிறவர் பெறும் பயன் முழுமையாக இருக்குமா என்பது ஐயமே. சேயூன் லிம், ராபர்ட் பட்னம் இருவரும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஆலயம் செல்வோர் கூடுதலாக மனநிறைவு கொண்டிருப்பதற்குக் காரணம் அங்கே கிடைக்கும் நட்புகள் என்று காட்டியது. செய்தித்தாள்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. அதே ஆய்வு, தம் சமய அடையாளத்தை வலுவாக உணர்வோரிடமே அந்நட்புகள் அப்பயனைத் தருகின்றன என்றும் சொல்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்தியன்று.

விலைக்கு வருவோம். விசுவாசப் பிரமாணத்தைச் சபையார் எழுந்து நின்று சொல்லும்போது நான் என்ன செய்வது? 325-ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தில் கிரேக்க மொழியில் இயற்றப்பட்ட பிரமாணம் ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில்தான் தொடங்கியது. வழிபாட்டு வழக்கில் பின்னர் ஒருமையாயிற்று. பன்மைக்குள் புகுந்துகொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். இலக்கணத்தின் நிழலில் ஒதுங்க எனக்கு மனமில்லை.

காரணம், இந்தப் பாசாங்கின் விலையைக் கொடுப்பவன் நான் மட்டுமல்லன். திமூர் குரான் என்னும் பொருளியலாளர் 1995-இல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் தம் உண்மை விருப்பத்தை மறைத்து ஊருக்கு ஏற்றதைச் சொல்லும்போது என்ன நேர்கிறது என ஆராய்ந்தார். ஒவ்வொருவரும் மறைப்பதால், ஐயம் கொண்ட ஒவ்வொருவரும் தாம் மட்டுமே தனித்திருப்பதாக எண்ணுகின்றனர். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்றாம் பெஞ்சில் நின்று பிரமாணம் சொல்வதைப் பின்வரிசையில் இருக்கும் கல்லூரி மாணவி பார்க்கிறாள். அவளுக்குள் கேள்விகள் இருந்தால், என் உதடசைவு அவள் தனிமையைக் கூட்டும். பொருளியல் இதைப் புறவிளைவு என்று சொல்லும். ஆலையின் புகையை அண்டை வீட்டார் சுவாசிப்பதைப் போன்றது இது.

இன்னொன்றையும் கேட்காமல் திரும்பக் கூடாது. குழுமம் என்றாலே வாசல் உண்டு. நம் சபைகள் பலவற்றில் அந்த வாசலைச் சாதி காவல் காக்கிறது. கல்லறைத் தோட்டம்வரை அது தொடரும் ஊர்கள் உண்டு. தூக்குச்சட்டி எந்தத் தெருவரை போகிறது என்று பார்த்தேன். எங்கள் சபையில் அது எல்லாத் தெருவுக்கும் போகிறது. போகாதிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின் சேகர குருவானவரைச் சந்தித்தேன். என்னிடம் படித்தவர்களைவிட இளையவர். ஞாயிறுதோறும் வருவேன், பாடுவேன், பிரமாணத்தின்போது எழுந்து நிற்பேன், ஆனால் சொல்ல மாட்டேன், திருவிருந்துக்கு முன்வர மாட்டேன், எவரேனும் கேட்டால் காரணத்தை மறைக்கவும் மாட்டேன் என்றேன். சிறிது நேரம் யோசித்தவர், “திருவிருந்து உங்கள் மனச்சாட்சிக்கு உரியது, சார். அசனக் கணக்கு எழுத ஆளில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்றார். வரவு செலவை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதானால் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி முதல் சங்கச் சந்தா கட்டி வருகிறேன். திருவிருந்து எடுக்காதவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் அருகே இடம் கிடைக்குமா என்பது மட்டும் முடிவாகவில்லை. என் நிலையை எழுத்தில் தெரிவித்தே கேட்டிருக்கிறேன். அடுத்த சபைக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.