திஸ் கான்சிக்வன்ஸ் (இசைத்தொகுப்பு)

திஸ் கான்சிக்வன்ஸ் என்பது கில்ஸ்விட்ச் எங்கேஜ் என்னும் அமெரிக்க மெட்டல்கோர் இசைக்குழுவின் ஒன்பதாவது ஸ்டுடியோ இசைத்தொகுப்பாகும். 2025 பிப்ரவரி 21 அன்று மெட்டல் பிளேடு நிறுவனம் இதை வெளியிட்டது. முந்தைய தொகுப்பான அடோன்மென்ட் 2019 ஆகஸ்ட்டில் வந்தது. இடையில் ஐந்தரை ஆண்டுகள் கடந்துவிட்டன. இக்குழுவின் தொகுப்புகளுக்கு இடையே விழுந்த மிக நீண்ட இடைவெளி இதுதான்.

மெட்டல்கோர் என்பது ஹார்ட்கோர் பங்க் இசையின் ஆவேசமும் மெட்டல் இசையின் கிதார் நுட்பமும் கலந்த வகை. வேகமாகச் செல்லும் பாடல் திடீரெனத் தளர்ந்து, கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து கனமாக இடிக்கும் பகுதிக்கு பிரேக்டவுன் என்று பெயர். அடித்தொண்டைக் கத்தலில் சரணம், இனிய குரலில் பல்லவி என்ற அமைப்பைப் பெரிய கூட்டத்திடம் கொண்டு சேர்த்தவர்களில் இக்குழுவினர் முதன்மையானவர்கள். பின்னர் வந்த எத்தனையோ குழுக்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டதால், இன்று கேட்பவர்களுக்கு அது பழகிய சூத்திரமாகத் தோன்றலாம்.

குழு 1999இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு நகரில் தொடங்கியது. கிதார் கலைஞர் ஆடம் டட்கிவிச் முதலில் இங்கு டிரம்ஸ் வாசித்தவர். தொகுப்புகளின் தயாரிப்பாளரும் அவரே. ஆஸ்திரேலியாவின் பார்க்வே டிரைவ் குழுவின் முதல் தொகுப்பையும் அவர்தான் தயாரித்தார்.

குழுவின் வரலாற்றைப் பாடகர்களை வைத்தே சொல்லிவிடலாம். முதல் பாடகர் ஜெஸ்ஸி லீச், 2002இல் அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங் வெளிவந்த பின் விலகினார். மன அழுத்தமும் தொண்டைச் சிக்கலும் அவரை வாட்டியிருந்தன. அவரிடத்தில் வந்த ஹோவர்ட் ஜோன்ஸ் காலத்தில் தி எண்ட் ஆஃப் ஹார்ட்டேக் (2004) குழுவுக்குப் பெரும் புகழ் தந்தது. அதன் தலைப்புப் பாடல் கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஜோன்ஸ் 2012இல் விலகினார். நீரிழிவு நோயும் அதற்கு ஒரு காரணம். லீச் திரும்பி வந்தார். அடோன்மென்டில் ஒரு பாடலை இருவரும் சேர்ந்தே பாடினர். விலகியவருக்கும் வந்தவருக்கும் இடையே இவ்வளவு நட்பு இருப்பது ராக் உலகில் அடிக்கடி காணக்கூடியதல்ல.

அந்தத் தொகுப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, 2018இல், லீச்சுக்குக் குரல்நாண் அறுவை சிகிச்சை நடந்தது. பேசும்போது அதிர்வது குரல்நாண்கள். பயிற்சி பெற்ற பாடகர்கள் கத்தலின் கரகரப்பை அவற்றுக்கு மேலுள்ள பொய்க் குரல் மடிப்புகளிலிருந்து எடுத்து, குரல்நாண்களின் சுமையைக் குறைக்கிறார்கள். முறையறியாமல் தொண்டையை இறுக்கி ஆண்டுக்கணக்கில் கத்தினால் நாண்களில் கட்டியும் வடுவும் உண்டாகும். சிகிச்சைக்குப் பின் லீச் பேசவும் பாடவும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. எனவே புதிய தொகுப்பைக் கேட்போர் முதலில் கவனிப்பது அந்தக் குரலைத்தான்.

குரல் தேறியிருக்கிறது. பத்துப் பாடல்கள், சுமார் 35 நிமிடங்கள், நீட்டல் இல்லை. முதலில் வெளியான ஃபாரெவர் அலைன்டு காதலைப் பாடுகிறது. ஐ பிலீவ் நம்பிக்கை தரும் பாடல். பல்லவி எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்கார்டன்ட் நேஷன், கொல்யூஷன் ஆகியவை பிளவுபட்ட சமூகத்தையும் அதிகாரத்தையும் நோக்கிய சினம். ஆஃப்டர்மேத் வேகம் குறைந்தது. தொகுப்பில் மீண்டும் மீண்டும் கேட்கத் தக்கது இது என்று சொல்லலாம். கத்தலுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள நிழல்களை லீச் இதில் நிதானமாகக் காட்டுகிறார்.

புதுமையை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. மின்னணு ஒலிகளைச் சேர்த்து வேறு திசையில் சென்ற இளைய குழுக்களைப் போல இவர்கள் செல்லவில்லை. டட்கிவிச்சும் ஜோயல் ஸ்ட்ரோட்செலும் வாசிக்கும் இரட்டைக் கிதார், ஜஸ்டின் ஃபோலியின் டிரம்ஸ், மைக் டி'அன்டோனியோவின் பேஸ் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. இக்குழுவை முதன்முறை கேட்பவர்கள் 2002, 2004 தொகுப்புகளைக் கேட்டுவிட்டு இதற்கு வரலாம்.