ஜிமெயிலை மீட்ட டேப்

2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயன்படுத்துவோரில் சுமார் 0.02 சதவீதம் பேரின் இன்பாக்ஸ் காலியாகிவிட்டது. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல இடங்களில் காப்பி வைத்திருந்தது. ஆனால் சாப்ட்வேர் பிழை அந்தக் காப்பிகளையும் பாதித்தது. தப்பியது, எதனோடும் இணைக்காமல் வைத்திருந்த டேப்தான்!

பாட்டு கேசட் போன்ற சமாச்சாரம்தான் இது. ஆனால் 2021-ல் வந்த எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். டேப் லைப்ரரியில் ரோபோ கை பார்கோடு பார்த்து எடுத்து டிரைவில் செருகும். ஒரு செட் வேறு ஊருக்குப் போய்விடும்.

நமக்கு ரோபோ வேண்டாம். ஜோலார்பேட்டைக்காரரா? கல்யாண போட்டோக்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, திருப்பத்தூர் அக்கா வீட்டு பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்தால், 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே நனையும். அவ்வப்போது வாங்கி வந்து, புதுப் படங்களைச் சேர்த்து, பழையதில் நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.