கால்பிண்டின் புரதமும் அதைக் காட்டும் எதிர்ப்பொருளும்

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது கால்சியம் என்பதை யாவரும் அறிவர். தசை சுருங்குவதற்கும், நரம்பு வழியே செய்தி செல்வதற்கும், குருதி உறைவதற்கும் அதுவே இன்றியமையாததாகும். எனினும் உயிரணுவின் உள்ளே கட்டுறாது நிற்கும் கால்சியம், வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. இவ்வளவு மிகுந்து நீடித்தால் உயிரணு கேடுறும். ஆகவே, கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பல உயிரணுக்களில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று கால்பிண்டின்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாசர்மன், டெய்லர் ஆகிய இருவரும் 1966-ஆம் ஆண்டில் கோழிக்குஞ்சின் குடலில் இத்தகைய புரதம் இருப்பதை அறிவித்தனர். வைட்டமின் 'டி' குறைவால் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயுற்ற குஞ்சுகளில் அது காணப்படவில்லை. அவ்வைட்டமினைக் கொடுத்தபின் தோன்றியது. ஏறத்தாழ 28,000 மூலக்கூறு எடையுள்ள இப்புரதம் சிறுநீரகத்திலும், சிறுமூளையிலுள்ள புர்க்கின்ஜி உயிரணுக்களிலும் உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

கண்ணுக்குப் புலப்படாத இப்புரதத்தை இருந்த இடத்திலேயே காண்பது எவ்வாறு? தூய்மை செய்த புரதத்தை முயலின் உடலில் ஊசிமூலம் செலுத்தினால், அதன் குருதியில் அப்புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. 1975-இல் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர், எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் உயிரணுவைப் புற்று உயிரணுவோடு இணைத்து, ஒரே வகையான எதிர்ப்பொருளை இடையறாது பெறும் வழியைக் கண்டனர். 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள திசுச்சீவலின் மீது எதிர்ப்பொருளை இட்டு, ஒட்டாததைக் கழுவி நீக்குவர். பின், பெராக்சிடேஸ் என்னும் நொதி பிணைந்த இரண்டாம் எதிர்ப்பொருளை இடுவர். அது முதலாவதன் மீது ஒட்டும். இறுதியில் தக்க வேதிப்பொருளைச் சேர்த்தால், புரதம் உள்ள இடம் பழுப்பு நிறமாகும். சிறுமூளைச் சீவலில் புர்க்கின்ஜி உயிரணுக்கள் வரிசையாக நிறம் பெற்று நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

ஆனால், நிறம் தோன்றியது என்பதாலேயே கால்பிண்டின் உள்ளது என முடிவு செய்தல் ஆகாது. கால்ரெட்டினின் என்னும் மற்றொரு புரதம் அமைப்பில் இதனை ஒத்தது. சில எதிர்ப்பொருள்கள் இரண்டிலும் ஒட்டும். எடையும் நெருங்கியிருப்பதால், மின்புலத்தில் பிரித்துப் பார்த்தாலும் ஐயம் முழுதும் தீராது. எனவே, முதல் எதிர்ப்பொருளை இடாத சீவல் ஒன்றையும், கால்பிண்டின் மரபணு நீக்கப்பட்ட எலியின் திசுவையும் உடன்வைத்துச் சோதித்தல் வேண்டும். இவற்றிலும் நிறம் தோன்றுமாயின் அந்நிறத்தை நம்புதற்கில்லை.

நிறம் தோன்றாமையும் அவ்வாறே ஆராயத்தக்கது. புர்க்கின்ஜி உயிரணு மடிந்ததாலும் நிறம் இல்லாமற் போகலாம். உயிரணு வாழ்ந்திருக்கப் புரதம் மட்டும் குறைந்ததாலும் அவ்வாறு நேரலாம். சாதாரணச் சாயத்தால் உயிரணுக்களை எண்ணிப் பார்த்தே இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம். திசுவைக் காலம் தாழ்த்தி ஃபார்மலினில் இட்டாலும் முடிவு பிழைபடும். ஆகவே, களப்பணியாளர் மாதிரியை விரைந்து பதப்படுத்தி, எடுத்த நேரத்தையும் இட்ட நேரத்தையும் குறித்தனுப்புதல் நலம். ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று குறிக்கப்பட்ட எதிர்ப்பொருளைக் கொண்டு நோயாளியின் நோயை முடிவு செய்தல் கூடாது.

ஆசிரியர்கள் இக்கருத்தை எளிதில் விளக்கலாம். உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் கரைசலை விட்டால் கருநீலம் தோன்றும். அதே கரைசலை வெறும் நீரிலும் சர்க்கரைக் கரைசலிலும் விட்டுக் காட்டுக. அங்கே கருநீலம் தோன்றாததைக் கண்ட பின்னரே, கிழங்கில் தோன்றிய நிறம் மாவுப்பொருளைக் குறிக்கிறது என்று மாணவர் துணிந்து கூற இயலும்.