செம்மண் சாலையும் சேற்று வழியும்: ஜொகூரில் மிதிவண்டிப் பயணம்



மிதிவண்டி நமக்குப் புதிய பொருளன்று. தோட்டப்புறத்தில் தண்டல் காடு சுற்றி வந்தது மிதிவண்டியில். பால்மரம் வெட்டியவர்கள் பால் வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்ததும் அதில்தான். லயத்துப் பிள்ளைகள் அப்பாவின் பெரிய வண்டியில் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, 'குரங்குப் பெடல்' போட்டுப் பழகியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அதே வண்டியைக் காட்டுக்குள்ளும் சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் ஓட்டிச் செல்வது தனிக் கலை. அதற்கு உடல் பலத்தைவிட நிலத்தைப் பற்றிய அறிவே முதல் தேவை. இன்று அந்த அறிவைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

தோட்டத்துச் சாலைகளில் மிதிவண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜொகூர் ஒரு கசப்பான காலத்தில் கண்டது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் மலாயாவைத் தாக்கிய ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளோடு தெற்கு நோக்கி வந்தது. பெருஞ்சாலையைக் காத்து நின்ற படையைத் தோட்டத்துச் சாலைகள் வழியாகவும் காட்டு வழிகள் வழியாகவும் சுற்றி வளைத்தது. 1942 ஜனவரியில் மூவாரிலும் பாரிட் சூலோங்கிலும் கடும் போர் நடந்தது. அம்மாத இறுதியில் ஜொகூர் முழுவதும் வீழ்ந்தது. கனமான வண்டி நின்றுவிடும் இடத்திலும் மிதிவண்டி போகும். ஓடையும் முறிந்த பாலமும் குறுக்கிட்டால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்கலாம். அன்று அழிவுக்குப் பயன்பட்ட இந்தக் குணம், இன்று நம் நாட்டை அருகிலிருந்து பார்ப்பதற்குப் பயன்படுகிறது.

இப்போது கடைகளில் நாம் காணும் மலை மிதிவண்டி, 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தது. சில இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் இறங்கி விளையாடினார்கள். அந்த விளையாட்டு வளர்ந்து 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. இவ்வண்டியின் சிறப்பு மூன்று: அகன்ற டயர், பல கியர்கள், உறுதியான பிரேக்.

அகன்ற டயர் எதற்கு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ இருந்தால், இரண்டு டயர்களும் சேர்ந்து ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர் நிலத்தைத் தொடும். அழுத்தத்தை 2 கிலோவாகக் குறைத்தால் அது 40 சதுர சென்டிமீட்டராகும். பாரம் அதேதான், அதைத் தாங்கும் இடம் இரு மடங்காகிவிடுகிறது. ஆகவே சக்கரம் சேற்றில் குறைவாகப் புதையும், மண்ணை நன்றாகப் பற்றும். குறுகிய டயரில் காற்றைக் குறைத்தால் கல் இடித்து டியூப் கிழியும். அகன்ற டயர் அதைத் தாங்கும். மண் சாலைக்குப் போகும்போது காற்றைச் சற்றுக் குறைப்பதன் காரணம் இதுதான்.

இனி, பிரான்ஸ் நாட்டில் ஓர் ஏற்பாட்டைக் கவனிப்போம். அந்நாட்டின் நடுப்பகுதியில் பிரென் என்று ஓர் இடம் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் நிறைந்த நாட்டுப்புறம் அது. இடைக்காலத்தில் துறவி மடத்தார் மீன் வளர்ப்பதற்காக வெட்டத் தொடங்கிய குளங்கள் அவற்றுள் பல. 1991இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கும், பிரான்சின் மற்றக் காடுகளிலும், மலை மிதிவண்டிக்கென்று பாதைகளைக் குறியிட்டிருக்கிறார்கள். ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களுமே அந்தக் குறி. மிக எளிய பாதைக்குப் பச்சை, எளியதற்கு நீலம், கடினமானதற்குச் சிவப்பு, மிகக் கடினமானதற்குக் கறுப்பு என்று நிறம் தருகிறார்கள். புதிதாக வருபவர் நிறத்தைப் பார்த்தே தம்மால் முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கலாம். ஓட்டுபவர் குறியிட்ட பாதையிலேயே போவதால் குளக்கரையும் பறவையின் கூடும் தப்புகின்றன. ஒரே குறி மனிதனையும் காக்கிறது, நிலத்தையும் காக்கிறது.

நம் ஜொகூருக்கு வருவோம். மிதிவண்டி ஓட்டுபவனின் கண்ணால் பார்த்தால், இங்கே மூன்று வகை நிலங்கள் உள்ளன.

முதலாவது, செம்மண் மேடு. குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்கள் பெரும்பாலும் இவ்வகை நிலத்தில் இருக்கின்றன. வெயிலில் இச்சாலை கல்லைப் போல் இறுகும். மழை பெய்த கால் மணி நேரத்தில் சோப்புப் போல் வழுக்கும். இறக்கத்தில் பின் பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தை உரசவிட்டால், மண்ணில் ஒரு கீறல் விழும். அடுத்த மழைநீர் அந்தக் கீறல் வழியே ஓடும். பத்துப் பேர் அதே இடத்தில் உரசினால் கீறல் வாய்க்காலாகும். ஒரு மழைக்காலம் கழிந்தால் பள்ளமாகும். தோட்டத்தில் செம்பனையைச் சரிவுக்குக் குறுக்கே படிப்படியாக நடுவதும், சாலையின் குறுக்கே ஆங்காங்கே நீர் வடியும் வழி விடுவதும், நீர் நேராகக் கீழே ஓடாமல் தடுப்பதற்காகவே. நம் முன்னோர் வியர்வை சிந்திப் போட்ட சாலையை நாம் விளையாட்டுக்காக அரிக்கவிடலாகாது. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் மெதுவாக, விட்டுவிட்டுப் பிடிப்பதே முறை. மழை பெய்த மறுநாள் ஓட்டாமலிருப்பது அதனினும் நன்று.

இரண்டாவது, காடு. குளுவாங் நகரை ஒட்டி 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக் இருக்கிறது. வட எல்லையில் 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் இருக்கிறது. கஹாங் வழியாக உள்ளே சென்றால், தோட்டங்களைக் கடந்து, ஜாக்குன் ஓராங் அஸ்லி மக்கள் வாழும் கம்போங் பெத்தாவை அடையலாம். அதுவே எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல்களில் ஒன்று. காட்டுப் பாதையில் வேர்கள் குறுக்கே ஓடும். ஈர வேரின்மேல் சக்கரத்தைச் சாய்வாக ஏற்றினால் விழுவது உறுதி. நேர்குத்தாக ஏற்றிக் கடக்க வேண்டும். வேரைச் சுற்றிப் போக நினைத்துப் பாதையை அகலப்படுத்துவதும் தவறு. ஒவ்வொருவரும் ஒரு முழம் விலகினால், ஒற்றையடிப் பாதை நாளடைவில் சாலையாகிவிடும். காப்புக் காட்டிற்கும் பூங்காவிற்கும் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். தோட்டத்துச் சாலையும் தனியார் உடைமைதான்; மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்வது மரியாதை.

மூன்றாவது, ஈரநிலம். பத்து பகாட், பொந்தியான் கரையோரங்களில் 'பாரிட்' என்று பெயர் தாங்கிய ஊர்கள் எத்தனை! பாரிட் என்றால் வாய்க்கால். அங்கே நீரை வடித்து, வரம்பு கட்டி, தென்னையும் அன்னாசியும் செம்பனையும் பயிரிட்டார்கள். கரையோர வரம்பு, கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் உள்ளே புகாமல் தடுக்கிறது. மதகு, வற்றத்தின்போது உள்நீரை வெளியே விடுகிறது. வரம்பின்மேல் ஓட்டுவது இன்பம்தான்: ஒரு பக்கம் தோட்டம், மறு பக்கம் கண்டல் காடு, எதிரே கடற்காற்று. ஆனால் வரம்பின் புல்லை நம் சக்கரம் உரித்துவிட்டால் மண் கரையும். கரை உடைந்தால் ஒரு குடும்பத்தின் பயிர் கருகும். பொந்தியான் வட்டாரத்தில் கரிமண் என்னும் பீட் நிலமும் உண்டு. அது இலைதழைகள் மட்காமல் நீரில் குவிந்து உண்டான மண். நீரை வடித்தால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துபோகும். காய்ந்தால் அடியிலேயே தீப்பற்றும். அங்கே ஒரு சிகரெட் துண்டை வீசுவது பெருங்குற்றம் என்று நினைக்க வேண்டும்.

இன்னும் தெற்கே சென்றால் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அதுதான். 526 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் கண்டல் காடும், குக்குப் தீவும், சுங்கை பூலாய் கழிமுகமும் 2003 ஜனவரி 31இல் உலக ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றன. அப்பட்டியல் 1971இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமைந்தது. கண்டல் மரத்தின் வேருக்குச் சேற்றில் காற்றுக் கிடைப்பதில்லை. ஆகவே 'அப்பி அப்பி' போன்ற மரங்கள் பென்சில் நட்டாற்போல் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. அவற்றின்மேல் சக்கரம் ஏறினால் மரத்தின் மூக்கை நெரிப்பதாகும். எனவே வண்டியைக் காட்டிற்கு வெளியே நிறுத்திவிட்டு, மரப்பாதையில் நடந்து சென்று பாருங்கள். அலையைத் தடுத்து நிற்பது அந்த வேர்களே. மலாக்கா நீரிணையில் ஓயாமல் போகும் கப்பல்கள் எழுப்பும் அலைகளால் அந்தக் கரை ஏற்கெனவே அரிப்புண்டு வருகிறது. நாமும் சேர்ந்து அதை நலிவிக்க வேண்டாம்.

நேயர்களே, அழகைச் சொன்னோம். ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமேய் என்ற வெப்பமண்டலப் புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. நிலநடுக்கோட்டிற்கு இவ்வளவு அருகே புயல் உருவாவது மிக அரிது. அம்மழையில் குனோங் பூலாயில் மண் சரிந்து, வீடுகள் அழிந்து, ஐந்து பேர் மாண்டனர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளங்களில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இவை நமக்குச் சொல்லும் பாடம் ஒன்று: நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, கடக்க நினைக்காதீர்கள். மேட்டிற்கு ஏறுங்கள். நவம்பர் முதல் பருவமழைக் காலத்தில் ஆற்றோரப் பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, யானை. கோத்தா திங்கி, குளுவாங், மெர்சிங் வட்டாரங்களில் காட்டு யானைகள் உண்டு. இளஞ்செம்பனையைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றிருப்பதும், ஈரம் உலராத சாணமும் அதன் அடையாளங்கள். கண்டால் வண்டியைச் சத்தமின்றித் திருப்புங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். விடியற்காலையும் அந்தி நேரமும் வேண்டாம்.

மூன்றாவது, சிறியவை என்று நாம் அலட்சியம் செய்பவை. பிற்பகல் இடி இறங்கும் முன் வீடு திரும்புங்கள். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. குறைந்தது மூவராகச் செல்லுங்கள்: ஒருவர் அடிபட்டால் ஒருவர் துணையிருப்பார், ஒருவர் உதவிக்கு ஓடுவார். தோட்டத்தின் உட்பகுதியில் கைப்பேசி எல்லா இடத்திலும் எடுபடாது. ஆகவே எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அவர்கள் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் வரையச் சொல்லுங்கள். பிறகு பிரான்ஸ் நாட்டு முறைப்படி பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் தீட்டச் சொல்லுங்கள். மழைக்குப் பின் எந்தப் பச்சை சிவப்பாக மாறும் என்று கேளுங்கள். தெரியாத இடத்தில் தாத்தாவையோ பாட்டியையோ கேட்டு வரட்டும். "அந்தப் பள்ளத்தில் முன்பு பாலம் இருந்தது", "இந்த வளைவில் யானை இறங்கும்" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம்.

தோட்டங்களை விட்டு நம் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் போய்விட்டன. அந்தச் சாலைகளைக் காலால் அறிந்த தலைமுறை முதுமை அடைந்து வருகிறது. அவர்கள் அறிந்ததை இப்போது கேட்டு எழுதாவிட்டால், பிறகு கேட்க ஆளிருக்காது. பிள்ளைகள் மிதிவண்டியில் ஏறி அந்த வழிகளை மீண்டும் அறியட்டும். போன வழியில் சக்கரத் தடம் பள்ளமாகாமல் பார்த்துக்கொள்ளவும் கற்கட்டும்.