சின்னக் காரியாலயத்துக்கு என்ன சேர்வர்?

நெல் கொள்வனவு செய்யும் ஒரு வியாபாரியின் காரியாலயத்தை எடுத்துக்கொள்வோம். கரடியனாறு, செங்கலடிப் பக்கங்களில் பசளையைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாகக் கழிப்பதுண்டு. ஒரு கொப்பியில் இருந்த அந்தக் கணக்கு நாலு கணனிகளில் பிரிந்து கிடந்தால், ஒருவர் பதிந்த வரவு மற்றவருக்குத் தெரியாது. "சேர்வர் ஒன்று போடுவோம்" என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள். வின்டோஸ் 11 உள்ள சாதாரண கணனியே, அதன் அனுமதி விதிப்படி, 20 சாதனங்கள் வரை கோப்புகளைப் பகிரலாம். நாலு கணனிக்கு அது தாராளம். கணக்கு மென்பொருள் கட்டாயம் கேட்டால் மட்டும் வின்டோஸ் சேர்வருக்குப் போங்கள். அதன் வழமையான பதிப்பில், பாவனையாளர் அல்லது சாதனக் கணக்கில் தனி அனுமதியும் வாங்க வேண்டும். பழைய 'ஸ்மோல் பிஸ்னஸ் சேர்வர் 2011' மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றுவிட்டன. களவுப் பிரதியோ 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம்.

இலவச வழியும் உண்டு. டெபியன் லினக்ஸில் சம்பாவை நிறுவினால் வின்டோஸ் கணனிகள் அதை வின்டோஸ் சேர்வர் போலவே பாவிக்கும். இலவசம்தானே என்று இதை அற்பமாக எண்ணக்கூடாது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணப் பணிக்காக எமது நாட்டவர் உருவாக்கிய 'சஹானா' இத்தகைய இலவச மென்பொருட்களின் மேல் எழுந்ததுதான். ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் அந்த இலவசம் செலவாகிவிடும்.

வன்பொருளில் வேகத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒரே நேரத்தில் பதியும் 'ரெயிட் 1' முறை, மின்னழுத்தத்தைச் சீராக்கும் யூ.பி.எஸ்., இவையே முக்கியம். லேசர் பிரின்டரை யூ.பி.எஸ்ஸில் மாட்ட வேண்டாம். அது திடீரென இழுக்கும் மின்சாரத்தை யூ.பி.எஸ். தாங்காது. களஞ்சியத்துக்கும் காரியாலயத்துக்கும் இடையே வெளியால் வயர் போவதாயின் ஒளியிழை போடுங்கள். இடிமின்னல் காலத்தில் செப்புக் கம்பி வழியே மின்சாரம் உள்ளே வந்து எல்லாவற்றையும் எரித்துவிடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

ரெயிட் இருக்கிறதே என்று பேக்கப்பை விடுவதுதான் பெரிய தவறு. இரண்டு டிஸ்க்கும் இருப்பது ஒரே பெட்டியில். 2010 செப்டம்பர் 17 இல் கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வெடிபொருள் கொள்கலன்கள் வெடித்து 20 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், கட்டடமே சிதைந்தது. நாலு மாதத்தில், 2011 ஜனவரியில், மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது. ஆகவே வெளி டிஸ்க் இரண்டு வாங்கி, கிழமைக்கு ஒன்றாக மாற்றி, ஒன்றை எப்போதும் வேறு ஊரில், ஏறாவூரிலோ செங்கலடியிலோ வையுங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும், ஒரு கோப்பை அழித்துவிட்டு வெளி டிஸ்க்கிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். மிச்சக் காசை அதன் பிறகு கொடுக்கலாம்.